மேலாள் முதல் எல்-1 வரை: மேனேஜர்னா யாருங்க?

ஆம்பூர்ப் பக்கம் ஏதாவது ஒரு ஷூ கம்பெனிக்குள்ள போய் "இங்க மேனேஜர் யாரு?"ன்னு கேட்டுப் பாருங்க. வாட்ச்மேன் ஒருத்தரைக் காட்டுவார், தையல் மெஷின்ல உக்காந்திருக்கற அக்கா வேற ஒருத்தரைக் காட்டுவாங்க. அந்த அக்காவைப் பொறுத்தவரைக்கும் லைன் சூப்பர்வைசர்தான் மேனேஜர். லீவு குடுக்கறது அவரு, எந்த மெஷின்ல யாரு உக்காரணும்னு முடிவு பண்றது அவரு, சாயங்காலம் எண்ணிக்கை குறைஞ்சா கத்தறதும் அவருதான். நாப்பது பேர் அவர் சொல்றதைக் கேட்டு வேலை செய்யறாங்க.

ஆனா அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்துக்கிட்ட கேட்டா, அந்த சூப்பர்வைசர் மேனேஜர் இல்ல. நாப்பது பேர் இல்ல, நானூறு பேரை மேய்ச்சாலும் இல்ல. அதே சமயம், ஏசி ரூம்ல மூணே மூணு பட்டதாரிகளை வச்சுக்கிட்டு வேலை வாங்கற ஒருத்தர் மேனேஜர் ஆகலாம். ஏன் அப்படி? இந்தக் கோடு எப்போ, யாரைத் தடுக்கறதுக்காகப் போட்டது? அதைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ காபி ஏதாவது எடுத்து வச்சுக்கிட்டுப் படிங்க மக்களே.

நான் கணியம்பாடிக்காரன். வேலூர்லருந்து ஆரணி போற ரோட்டுல வர்ற ஊரு. படிச்சது இன்ஜினியரிங், செய்யறது பொட்டி தட்டற வேலை. எங்க தொழில்ல எல்-1 விசா, பச்சை அட்டைன்னு பேசாத டீ பிரேக்கே கிடையாது. ஆனா அதை வாங்கறது எப்படின்னு பேசுவாங்களே தவிர, அது எங்கருந்து வந்துச்சுன்னு யாரும் பேசறதில்ல. மறுக்கப்பட்டவங்களோட மேல்முறையீட்டுத் தீர்ப்புகளை, பெயர்களை மறைச்சு, அமெரிக்க அரசே இணையத்துல போட்டு வைக்குது. ராத்திரி ஆணி புடுங்கி முடிச்சதும் அதைப் படிக்கறது கொஞ்ச நாளா எனக்கு ஒரு பழக்கம் ஆயிடுச்சு. துப்பறியும் நாவல் கெட்டது போங்க.

மொதல்ல நம்ம வீட்டுக் கதை.

கடல் கடந்து கிளை வச்சு, அந்தக் கிளைக்குத் தலைமையிடத்துலருந்து ஆள் அனுப்பறது நமக்குப் புதுசு இல்ல. நாட்டுக்கோட்டை நகரத்தார் இதை 19ஆம் நூற்றாண்டுலயே ஒரு ஒழுங்கோட செஞ்சாங்க. செட்டிநாட்டுல முதலாளி இருப்பார். ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்புன்னு கிளைக்கடைகள். கிளையை நடத்தப் போறவர் ஏஜெண்டு, அவர்தான் மேலாள். அவருக்குக் கீழ அடுத்தாள், அதுக்கும் கீழ பெட்டியடிப் பையன். இப்போ நாம 'மேலாளர்'னு எழுதறோமே, அதுக்குப் பக்கத்து வீட்டுச் சொல் அந்த 'மேலாள்'. பெட்டியடியில ஆரம்பிச்சு, கணக்கு எழுதிக் கத்துக்கிட்டு, அடுத்தாள் ஆகி, அப்புறம்தான் மேலாள். ஒரு தவணைக்குப் பொதுவா மூணு வருஷம். முடிஞ்சதும் ஊருக்கு வந்துட்டு, மறுபடி போகணும்னா போகலாம்.

1930ல பர்மாவோட வங்கித்துறை விசாரணைக் குழு கணக்கெடுத்தப்ப, அங்க சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்துச்சு. அத்தனை கடைக்கும் இங்கருந்துதான் ஆள் போச்சு. விசா? ம்ஹூம். ரங்கூனும் பிரிட்டிஷ்காரன் ஊரு, மெட்ராஸும் பிரிட்டிஷ்காரன் ஊரு. பர்மா அப்போ இந்தியாவோட ஒரு மாகாணம். கப்பல் டிக்கெட் இருந்தா போதும். "நீ நெசமாவே மேலாளா, இல்ல பெட்டியடிப் பையனா?"ன்னு துறைமுகத்துல யாரும் கேக்கல.

1937ல பர்மா தனியாப் பிரிஞ்சுது. யுத்தம் வந்துச்சு, 1942ல ஜனங்க நடந்தே ஓடி வந்தாங்க. 1947ல பர்மா ஒரு அவசரக் குடிவரவுச் சட்டம் போட்டு அனுமதிச் சீட்டு கேட்டுது. இலங்கை 1948ல 20ஆம் எண் சட்டம் போட்டுது. நேத்து வரைக்கும் சொந்த ஊர் மாதிரி போய் வந்த கடை ஆளுங்க, திடீர்னு தற்காலிக வதிவிட அனுமதிக்கு மனு போட வேண்டியவங்க ஆனாங்க. கம்பெனிக்காக வெளிநாடு போற ஆள் ஒரு அரசாங்கத்துக்கு முன்னாடி நின்னு தன் வேலை என்னன்னு நிரூபிக்கணும்ங்கற நிலைமை நம்மாளுங்களுக்கு அப்போதான் வந்துச்சு.

அமெரிக்காவுல இந்த நிரூபிக்கற வேலை அதுக்கும் அறுபது வருஷம் முன்னாடியே தொடங்கிருச்சு. மாட்டினது சீனர்கள்.

1882ல சீனர் விலக்குச் சட்டம் வந்துச்சு. சீனத் தொழிலாளிகள் வரக்கூடாது. ஆனா வணிகர், மாணவர், ஆசிரியர், சுற்றுலாப் பயணி வரலாம், ஏன்னா சீனாவோட போட்ட ஒப்பந்தம் அப்படி. உடனே பெரிய கேள்வி வந்துச்சு: யாரு வணிகர்? போர்ட்லாந்துல ரொம்ப வருஷமா வியாபாரம் செஞ்ச லாவ் ஓவ் பியூ, சீனாவுக்குப் போய்ச் சொந்தக்காரங்களைப் பாத்துட்டு 1891ல திரும்பி வந்தப்ப, சீன அரசோட சான்றிதழ் இல்லன்னு சொல்லி நிறுத்திட்டாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ஏற்கெனவே இங்க குடியிருக்கற வணிகருக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லன்னு 1892ல தீர்ப்பு வந்து அவர் ஜெயிச்சார்.

அடுத்த வருஷமே நாடாளுமன்றம் ஒரு திருத்தம் போட்டு 'வணிகர்'ங்கற சொல்லுக்கு இலக்கணம் எழுதிருச்சு. 1893ஆம் வருஷத்து அந்த இலக்கணத்தோட சாரம் இதுதான்: நிலையான ஒரு இடத்துல, தன் பேர்ல, சரக்கு வாங்கி விக்கணும். அந்தக் காலத்துல வியாபாரத்துக்கு அவசியமானது தவிர வேற எந்த உடலுழைப்பும் செய்யக்கூடாது. வெளிய போய்த் திரும்பி வர்ற வணிகர் இதை நிரூபிக்க, சீனர் அல்லாத ரெண்டு சாட்சிகள் வேணும்.

மறுபடி படிங்க. கையால வேலை செய்யக்கூடாது. எனக்குத் தெரிஞ்சு நம்ம கதையோட விதை இதுதான். சலவைக்கடை நடத்தினவர் வணிகர் இல்ல, ஏன்னா அவர் துணி துவைக்கிறார். ஹோட்டல்காரரும் ரொம்ப நாள் வணிகர் இல்ல. 1915ல ஒரு நீதிமன்றம் ஹோட்டல் முதலாளியும் வணிகர்தான்னு சொல்லிச்சு. அதுக்கும் அதிகாரிகள் நிபந்தனை வச்சாங்க: 'உயர்தர' ஹோட்டலா இருக்கணும், பெரிய முதலீடு போட்டிருக்கணும், ஒரு வருஷமாவது முழுநேரமும் நிர்வாகம் மட்டும் செஞ்சிருக்கணும். அந்த ஒரு வருஷம் சமைக்கக்கூடாது, பரிமாறக்கூடாது, கல்லாவுல கூட உக்காரக்கூடாது!

சீனர்கள் என்ன செஞ்சாங்க தெரியுமா? பல பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு ஹோட்டல் ஆரம்பிச்சாங்க. இந்த வருஷம் நீ நிர்வாகி, அடுத்து நான்னு முறை வச்சு மாத்திக்கிட்டாங்க. நிர்வாகியா இருக்கற முறையில அவர் ஊருக்குப் போய் வருவார், இல்ல குடும்பத்துல ஒருத்தரைக் கூட்டி வருவார். நியூயார்க்ல 1910க்கும் 1920க்கும் நடுவுல சீன ஹோட்டல்கள் பல மடங்கு பெருகினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு வரலாற்று ஆய்வாளர்கள் சொல்றாங்க. சட்டம் ஒரு இலக்கணம் எழுதினா, ஜனங்க அந்த இலக்கணத்துக்குள்ள வாழக் கத்துக்கறாங்க.

மேல்முறையீடும் அப்பவே உண்டு. துறைமுக அதிகாரி மறுத்தா வாஷிங்டன்ல இருக்கற அமைச்சருக்குப் போகலாம். அந்த அமைச்சர் சொல்றதே இறுதி, நீதிமன்றம் உள்ள வந்து மறுபடி விசாரிக்க வேண்டியதில்லன்னு 1905ல ஜூ டாய் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. இத்தனைக்கும் ஜூ டாய் தான் அமெரிக்கக் குடிமகன்னு சொன்னவர்.

இந்தியர்கள்? 1917ல 'தடுக்கப்பட்ட ஆசிய மண்டலம்'னு கோடு போட்டப்ப இந்தியாவும் அதுக்குள்ள போயிருச்சு. வணிகர், மாணவர் மாதிரி சில பேருக்கு மட்டும் விலக்கு. 1946ல வந்த லூஸ்-செல்லர் சட்டம் வருஷத்துக்கு 100 இந்தியர்னு கதவைத் திறந்துச்சு. (நூறாயிரம் இல்லீங்க, வெறும் நூறு.) இதுக்கு நடுவுல 1924ல வணிக ஒப்பந்தம் இருக்கற நாட்டுக்காரங்களுக்குத் தனி வழி வச்சாங்க. பின்னாடி அதுதான் ஈ விசா ஆச்சு. ஜப்பானுக்கு அந்த ஒப்பந்தம் உண்டு, இந்தியாவுக்கு இல்ல. அதனாலதான் நம்மூர் கம்பெனி ஒண்ணு அமெரிக்கக் கிளைக்கு மேலாளை அனுப்பணும்னா எல்-1ஐ விட்டா பெருசா வேற வழி இல்லாமப் போச்சு.

அந்த எல்-1 பிறந்தது 1970 ஏப்ரல் 7. 1965 சட்டம் பழைய இன ஒதுக்கீட்டைத் தூக்கினது நல்ல காரியம்தான். ஆனா பன்னாட்டுக் கம்பெனிகள் தங்களோட முக்கியமான ஆட்களை அமெரிக்காவுக்கு மாத்தறது சிக்கலாயிருச்சு. தற்காலிக விசாவுல வரணும்னா வேலையே தற்காலிகமா இருக்கணும், நிரந்தரமா வரணும்னா வரிசையில நிக்கணும். கம்பெனிகள் முறையிட, எல் வகை வந்துச்சு. அதே சட்டத்துலதான் கல்யாணம் பண்ணிக்கப் போறவங்களுக்கான கே விசாவும் வந்துச்சு. வருங்காலப் பொண்டாட்டிக்குக் 'கே', மேனேஜருக்கு 'எல்'. ஒரே பிரசவத்துல ரெட்டைக் குழந்தை :-)

ஆனா மேனேஜர்னா யாருன்னு சட்டமே விரிவா எழுதினது 1990லதான். அந்த வருஷத்துக் குடிவரவுச் சட்டம் 'நிர்வாகி', 'தலைமை நிர்வாகி' ரெண்டுக்கும் இலக்கணம் குடுத்துச்சு. அதே சட்டம்தான் ஈ.பி-1 பிரிவுல பன்னாட்டு நிர்வாகிகளுக்குத் தனியா ஒரு பச்சை அட்டை வழியையும் வச்சுது. தொழிலாளர் துறைச் சான்று தேவையில்லங்கறதால அது ராஜபாட்டை. மத்த பிரிவுகள்ல இந்தியர்கள் வருஷக்கணக்கா நிக்கறப்ப, இதுல ரொம்ப காலம் வரிசையே இல்லாம இருந்துச்சு. 2016க்கு அப்புறம்தான் இங்கயும் வரிசை தலைகாட்டுச்சு.

1990 இலக்கணப்படி மேனேஜர் ஒரு நிறுவனத்தையோ, துறையையோ, பணியையோ நடத்தணும். தனக்குக் கீழ இருக்கறவங்க மேற்பார்வையாளர்களாவோ, நிர்வாகிகளாவோ, படிச்ச தொழில்முறை ஆட்களாவோ இருக்கணும். அப்படி ஆள் இல்லன்னா, நிறுவனத்துக்கு இன்றியமையாத ஒரு பணியை உயர்மட்டத்துல நிர்வகிக்கணும். ஆளை எடுக்க, நீக்க, இல்லன்னா பரிந்துரைக்க அதிகாரம் வேணும். அன்றாட வேலையில சுயமா முடிவெடுக்கணும். அப்புறம் ஒரு வரி: முதல்நிலை மேற்பார்வையாளர், மேற்பார்வை பாக்கறார்ங்கற காரணத்துக்காக மட்டும் நிர்வாகி ஆகமாட்டார், கீழ இருக்கறவங்க தொழில்முறை ஆட்களா இருந்தாலொழிய.

நம்ம லைன் சூப்பர்வைசர் அடிபட்டுப் போனது இந்த வரியிலதான். நாப்பது தையல்கார அக்காக்கள் 'தொழில்முறை ஆட்கள்' கணக்குல வரமாட்டாங்க. அவங்க கையில இருக்கற நுணுக்கம் பட்டம் ஆகாது. மூணு இன்ஜினியரை மேய்க்கற டீம் லீடுக்கு வாய்ப்பு உண்டு, ஏன்னா இன்ஜினியர் கிட்ட சான்றிதழ் இருக்கு. 1893ல நிர்வாகியோட கையைப் பாத்தாங்க. 1990ல அவருக்குக் கீழ இருக்கறவங்க கையையும் சேர்த்துப் பாக்க ஆரம்பிச்சாங்க.

இப்போ மேல்முறையீட்டுக்கு வருவோம். குடிவரவுத் துறை 1983ல இதுக்குன்னு ஒரு மத்தியப் பிரிவை வச்சுது. 1994ல அது நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகமா மாறுச்சு. 2003ல பழைய துறையை உடைச்சப்ப புதுத் துறைக்குக் கீழ வந்துச்சு. கம்பெனி போட்ட மனு நிராகரிக்கப்பட்டா, 30 நாளுக்குள்ள (தபால்ல வந்திருந்தா 33) ஐ-290பி படிவம் போடணும். 2024 ஏப்ரல்ல இதுக்கான கட்டணத்தை 800 டாலராக்கினாங்க. வேடிக்கை என்னன்னா, மனு முதல்ல போறது நிராகரிச்ச அதே அலுவலகத்துக்குத்தான். அவங்க மனசு மாறலன்னாதான் மேல போகும். மேல போனா வழக்கை ஆரம்பத்துலருந்து புதுசாப் பாப்பாங்க. பெரும்பாலும் தள்ளுபடிதான்.

அந்தத் தள்ளுபடித் தீர்ப்புகள்ல திரும்பத் திரும்ப வர்ற ஒரு பேரு, 1988ஆம் வருஷத்து சர்ச் ஆஃப் சயின்டாலஜி தீர்ப்பு. ஒரு பொருளை உற்பத்தி பண்றதுக்கோ சேவையைக் குடுக்கறதுக்கோ தேவையான வேலையை முக்கியமா தானே செய்யறவர் நிர்வாகி இல்லங்கறதுதான் அதோட சாரம். நூறு வருஷம் முன்னாடி சீன வணிகருக்குப் போட்ட கோட்டோட பேரப்பிள்ளை மாதிரி இருக்கா? சட்டப் புத்தகத்துல ரெண்டுக்கும் நேரடி உறவு எதுவும் எழுதியிருக்காது. முகஜாடை அப்படியே இருக்கு.

இதுல அடிபடறது யாரு? சின்னக் கம்பெனிகள். பிரேசில்லருந்து கல்லு இறக்குமதி பண்ண கலிபோர்னியாவுல ஆரம்பிச்ச ஒரு சின்ன நிறுவனம், தன் தலைவரோட எல்-1ஏ நீட்டிப்புக்காக மேல்முறையீடு தாண்டி நீதிமன்றம் வரைக்கும் போச்சு. நிறுவனத்தோட அளவைப் பாத்து எடைபோடறது தப்பில்லன்னு 2008ல ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் சொல்ல, அவங்க தோத்தாங்க. ஆள் எண்ணிக்கையைப் பாக்கறப்ப நிறுவனத்தோட நியாயமான தேவையையும் வளர்ச்சி நிலையையும் சேர்த்துப் பாக்கணும்னு 1990 சட்டத்துலயே ஒரு வரி இருக்கு. ஆனா அது எந்தப் பக்கம் சாயும்ங்கறது அதிகாரியோட கையில.

இதை நம்ம ஊருக்குப் பொருத்திப் பாப்போம். இனி வர்றது கற்பனைக் கணக்கு, எந்தக் கம்பெனியையும் குறிக்கல. வாணியம்பாடியில நடுத்தர அளவுல தோல் ஏற்றுமதி செய்யற ஒரு குடும்பம், நியூஜெர்சியில ஒரு கிளை ஆரம்பிக்குது. இங்க பத்து வருஷமா ஏற்றுமதியைப் பாத்துக்கிட்டவரை அனுப்பறாங்க. புது அலுவலகம்னா முதல்ல ஒரே ஒரு வருஷம்தான் எல்-1 கிடைக்கும். அந்த ஒரு வருஷத்துல அவர் என்ன செய்வார்? இடம் வாடகைக்குப் பிடிப்பார். சாம்பிள் அட்டைப்பெட்டியைத் தானே பிரிப்பார். வாங்கறவங்களைத் தேடிக் கார் ஓட்டிக்கிட்டுப் போவார். தோலைத் தடவிப் பாத்து, இது ரெண்டாம் ரகம்னு ஊருக்கு போன் போட்டுத் திட்டுவார். பில்லும் அவரே போடுவார்.

வருஷம் முடிஞ்சதும் நீட்டிப்பு மனு. இப்போ அவர் 'முக்கியமா' நிர்வாகம் செய்யறார்னு காட்டணும். அதிகாரி கேப்பார்: பெட்டி பிரிக்கறது யாரு? விக்கறது யாரு? கணக்கு எழுதறது யாரு? பதில் எல்லாத்துக்கும் ஒரே ஆளுன்னா, மன்னிக்கணும், அவர் மேலாள் இல்ல, பெட்டியடிப் பையன். தோல் வியாபாரத்துல சரக்கைக் கையால தொட்டுப் பாக்கத் தெரியாத முதலாளி வருஷம் தாண்டமாட்டார்னு எங்க பக்கம் சின்னப் புள்ளைக்கும் தெரியும். விசா மனுவுல அந்தத் தொடுற கைதான் அவருக்கு எதிரான சாட்சி.

எல்லாமே இருட்டுன்னு சொல்ல வரல. 2016ல இசட்-ஏ-ங்கற தீர்ப்புல ஜப்பானியத் தாய்க் கம்பெனியோட அமெரிக்கக் கிளைக்கு வந்த ஒருத்தர் விஷயம் வந்துச்சு. அமெரிக்காவுல ஆள் குறைச்சல்தான், ஆனா ஜப்பான்ல இருக்கற ஊழியர்கள் அவருக்காக அன்றாட வேலையைச் செய்யறாங்களே, அதையும் கணக்குல எடுக்கணும்னு மேல்முறையீட்டு அலுவலகம் சொல்லிச்சு. இது நம்ம வாணியம்பாடிக் கணக்குக்கு எவ்வளவு பெரிய வரப்பிரசாதம் பாருங்க. பில் போடறதும், டிசைன் போடறதும், சரக்குத் தரம் பாக்கறதும் இங்க இருக்கற ஆட்கள்னு காகிதத்துல காட்ட முடிஞ்சா அங்க இருக்கறவர் நிர்வாகி ஆகலாம்.

2017 நவம்பர்ல ஜி-ங்கற தீர்ப்பு. நிதித் திட்டமிடலைப் பாத்துக்கிட்ட ஒரு இயக்குநர். அவர் மேய்க்கறது ஆட்களை இல்ல, ஒரு 'ஃபங்ஷனை'. (கல்யாணம், காதுகுத்து ஃபங்ஷன் இல்லீங்க!) அந்தப் பணி தெளிவா வரையறுக்கப்பட்டதா, நிறுவனத்துக்கு அடிப்படையானதா, அவர் அதைச் செய்யறாரா இல்ல நிர்வகிக்கிறாரா, உயர்ந்த இடத்துல இருக்காரா, அன்றாட முடிவு அவரோடதான்னு அஞ்சு கேள்வி வச்சாங்க. இந்த ரெண்டையும் துறை 'ஏற்றுக்கொண்ட' தீர்ப்புகளா அறிவிச்சதால கீழ இருக்கற அதிகாரிகள் பின்பற்றியாகணும். இதுக்கும் முன்னாடி 2010ல சவாதே தீர்ப்பு. நூத்துக்கு நூறு நிரூபிக்க வேண்டாம், 'இல்லைங்கறதைவிட ஆமாங்கறதுக்கு வாய்ப்பு அதிகம்'ங்கற அளவு போதும்னு தெளிவாச் சொன்னது அதுதான்.

அப்போ மேல்முறையீடு இருக்கே, என்ன குறைன்னு கேக்கறீங்களா? ரெண்டு ஓட்டை இருக்கு, ரெண்டும் நம்மாளுங்க தலையிலதான் ஒழுகுது.

முதல் ஓட்டை ஜெமினி பாலத்துக்குப் பக்கத்துல. பெரிய கம்பெனிகளுக்கு 'பிளாங்கெட்' எல்னு ஒரு வசதி உண்டு. ஒவ்வொருத்தருக்கும் தனி மனு போட வேண்டாம், கம்பெனிக்கு மொத்தமா ஒரு அனுமதி இருக்கும், ஆள் நேரா கான்சுலேட்டுக்குப் போனா போதும். 2011 டிசம்பர்லருந்து இந்தியா முழுக்க உள்ள பிளாங்கெட் எல் விண்ணப்பங்களை சென்னை கான்சுலேட்டுக்கே கொண்டுவந்தாங்க. டெல்லிக்காரரும் புனேக்காரரும் நம்ம அண்ணா சாலைக்கு வந்து நின்னாங்க. அந்த ஜன்னல்ல சில நிமிஷத்துல முடிவாயிரும். அங்க மறுத்தா மேல்முறையீடு கிடையாது. நான் மேல சொன்ன அலுவலகத்துக்கு அதுல அதிகாரமே இல்ல. கம்பெனி விரும்பினா தனி மனு போட்டு முதல்லருந்து ஆரம்பிக்கலாம், அவ்வளவுதான். 1905ல அமைச்சர் சொன்னது இறுதி. இங்க ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவர் சொல்றது இறுதி.

ரெண்டாவது ஓட்டை இன்னும் பெருசு. மேல்முறையீடு யாரோடது? மனு போட்ட கம்பெனியோடது. போகப் போறவரோ அங்கயே வாழ்ந்துக்கிட்டிருக்கறவரோ அதுல கட்சிக்காரரே இல்ல. சட்டத்துக்கு அவர் 'பயனாளி'. ரேஷன் கார்டுல வர்ற பயனாளி மாதிரி.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன். எங்க ஊர்ப் பக்கம்தான், என்னைவிட ஆறேழு வயசு பெரியவர், எனக்கு ரெஸ்யூம் எழுதக் கத்துக்குடுத்தவர். எல்-1ஏல போய் மூணு வருஷம் ஒழுங்கா வேலை பாத்தார். 2018ல நீட்டிப்பு மறுக்கப்பட்டுது. அதே வேலை, அதே கம்பெனி, அதே நாற்காலி. முன்னாடி ஒரு தடவை ஒத்துக்கிட்டதை, பெரிய தப்பு எதுவும் இல்லன்னா மதிக்கணும்னு 2004ல ஒரு வழிகாட்டுதல் இருந்துச்சு. 2017 அக்டோபர்ல அதைத் தூக்கிட்டாங்க. (2021 ஏப்ரல்ல திரும்பக் கொண்டுவந்தாங்க, 2025 ஜனவரியில விதியாவே எழுதிட்டாங்க. அண்ணனுக்கு அது உதவல.)

அவர் மேல்முறையீடு பண்ணலாம்னு சொன்னார். கம்பெனி வேண்டாம்னு சொல்லிருச்சு. அவங்களுக்கு அது ஒரு செலவுக் கணக்கு. வேற ஆளை அனுப்பினா முடிஞ்சுது. முப்பது நாள் ஓடிப்போச்சு. நிராகரிப்புக் கடிதத்தை முழுசாப் படிக்கக்கூட அவருக்குக் கிடைக்கல, மனிதவளத் துறையில ரெண்டு வரிச் சுருக்கம்தான் சொன்னாங்க. பொண்ணு மூணாவது படிச்சிக்கிட்டிருந்தா, படிப்பு வருஷம் நடுவுல. வீட்டுச் சாமானை வித்துட்டுத் திரும்பினாங்க. தன் வாழ்க்கையைப் பத்தின ஒரு வழக்குல பேச அவருக்கு வாயில்ல. கப்பல் ஏறிப்போன அந்தக் காலத்து மேலாள்கூட, முதலாளி கணக்குக் கேட்டா நேர்ல உக்காந்து பதில் சொல்லியிருப்பார்.

இதுல ஒரு சின்ன வெளிச்சம் 2017ல வந்துச்சு. வி-எஸ்-ஜி-ங்கற தீர்ப்பு. முதல்ல மனு போட்ட கம்பெனியை விட்டு, சட்டம் அனுமதிச்ச வழியில வேற வேலைக்கு மாறின ஒருத்தரோட பழைய பச்சை அட்டை மனுவை ரத்து பண்றதா இருந்தா, அந்த ஊழியருக்கும் தகவல் சொல்லணும், அவரும் பேசலாம்னு சொல்லிச்சு. ரொம்பக் குறுகலான கதவு. எங்க அண்ணன் மாதிரி எல்-1 ஆட்களுக்கு அது திறக்கல. ஆனா 'பயனாளி'யும் பாதிக்கப்படற ஆளுதான்னு அந்த அலுவலகம் எழுத்துல ஒத்துக்கிட்டது எனக்கு முக்கியமாப் படுது.

என் கருத்து என்னன்னா, ஏமாத்து இருக்கு, அதைத் தடுக்க ஒரு கோடு வேணும், அதை நான் மறுக்கல. எங்க தொழில்லயே, தன்னைத் தவிர யாரையும் நிர்வகிக்காதவருக்கெல்லாம் மேனேஜர்னு அட்டை அடிச்சுக் குடுக்கறாங்க. ஆனா அந்தக் கோடு 'கை'யில போட்டது. கை வேலை செய்யறவன் கீழ, சொல்றவன் மேலங்கற நெனப்புல போட்டது. 1893ல அது ஒரு இனத்தை வெளிய வைக்க உதவுச்சு. இப்போ அது பெரிய கம்பெனியோட நாலடுக்கு வரைபடத்தை உள்ள விட்டு, தானே பெட்டி பிரிக்கற சின்ன முதலாளியை வெளிய நிறுத்துது. கோட் எழுதத் தெரிஞ்ச, எழுதற மேனேஜர் எங்களுக்கெல்லாம் தெய்வம். மனுவுல அவர் கோட் எழுதறார்னு போட்டா காலி.

அதுவரைக்கும் என்ன செய்யலாம்? எல்-1ல இருக்கறவங்க, போகப் போறவங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. கம்பெனி உங்க பேர்ல என்ன எழுதி அனுப்புதுன்னு கேட்டு வாங்கிப் படிங்க. உங்க வேலையோட விவரம், வரைபடம், உங்களுக்குக் கீழ யாருன்னு போட்டிருக்காங்கங்கறது எல்லாம் பின்னாடி பச்சை அட்டை மனுவுல குறுக்க வந்து நிக்கும். தரமாட்டேன்னு சொன்னா, ஏன்னு கேளுங்க. வேலையில சேர்றப்பவே, மறுப்பு வந்தா மேல்முறையீடு பண்ணுவீங்களான்னும் கேட்டு வைங்க. பதில் எப்படி இருந்தாலும், நிலைமை என்னன்னு முன்னாடியே தெரிஞ்சிரும்.

செட்டிநாட்டுப் பக்கத்து மக்கள் யாராவது படிச்சா, உங்க தாத்தா காலத்துல பர்மாவுக்கோ மலேயாவுக்கோ அனுமதிச் சீட்டு எடுத்த கதை வீட்டுல பேசிக் கேட்டிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. பழைய காகிதம் பெட்டியில கிடந்தா இன்னும் விசேஷம். அதை வச்சு அடுத்த பதிவு போட்டுரலாம்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்ல, வெறும் பொட்டி தட்டறவன். இதைப் படிச்சுட்டு மனு போட்டுராதீங்க, வக்கீலைப் பாருங்க :-)